ஆரஞ்சு நிறம் மறையும் கணம்: தென்கடல் மணலும் தனியுறுப்பு வேதியியலின் வரலாறும்

ஆரியசாலைக் கடைத்தெருவில் கயிறு விற்கும் பழைய கடை ஒன்று உண்டு. சென்ற வாரம் அங்கே தென்னைநார்க் கயிறு வாங்கும்போது, முடிச்சிலிருந்து உதிர்ந்த மணலைக் கையில் ஏந்திப் பார்த்தேன். "என்ன அண்ணாச்சி, கயிற்றோடு மணலையும் சேர்த்து நிறுக்கிறீர்களா?" என்று கேட்டதற்கு, "கடக்கரையில காயப்போட்ட நாருல மணல் இல்லாம இருக்குமா தம்பி?" என்றார். அவருக்கு அது நாள்தோறும் கேட்கும் கேள்வி. எனக்கோ, நெடுநாளாக எழுத எண்ணித் தள்ளிவைத்திருந்த ஒரு வரலாற்றின் தொடக்கமாக அது அமைந்தது.

கயிற்றில் ஒட்டிச் சென்ற மணல்தான் 1909-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் பொருளியலையும், பின்னர் அதன் அரசியலையும் மாற்றியது. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், அதில் மோனசைட்டு என்ற கனிமம் இருப்பதைக் கண்டறிந்தார். அம்மணலைத் தேடி வந்த அவர், அப்போது திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள மணவாளக்குறிச்சியில் 1910-இல் முதல் பிரிப்பாலையை அமைத்தார். இந்தச் செய்தி தோரியத்தின் வரலாறாகவும் அணுசக்தியின் வரலாறாகவும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. கரிம வேதியியலில் தனியுறுப்பு வினைவழிமுறைகளின் வரலாற்றோடு சேர்த்து அதைப் படித்தவர்கள் சிலரே. அந்த வாசிப்பையே இப்பதிவில் முன்வைக்கிறேன். பதிவு நீண்டது, வேதியியல் மாணவர்களும் வரலாற்று மாணவர்களும் பொறுத்தருளிப் படிக்க வேண்டுகிறேன்.

வினைவழிமுறை என்றால் என்ன? வகுப்பறையில் அது வளைந்த அம்புக்குறிகளின் தொகுப்பாகவே நமக்கு அறிமுகமாகிறது. துவக்கநிலை, வளர்நிலை, முடிவுநிலை என்று மூன்று தலைப்புகளை எழுதி, புள்ளி வைத்த குறியீடுகளை வரிசையாக அடுக்கினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆயினும் அந்தப் புள்ளியைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. இணையில்லாத ஒற்றை எலக்ட்ரானைத் தாங்கிய கார்பன், பெரும்பாலான வினைகளில் நொடியின் மிகச் சிறு பகுதியே வாழ்கிறது. குடுவையில் எஞ்சுவது விளைபொருள் மட்டுமே. எஞ்சியதைக் கொண்டு, இருந்து மறைந்த ஒன்றை நிறுவுவதே வினைவழிமுறை ஆய்வு. அவ்வகையில் அது வரலாற்றியலுக்கு மிக நெருங்கிய உறவினது.

ஆரியசாலைக்கு அடுத்த வலியசாலையில் வாழ்வோருக்கு இதை விளக்கச் சொந்த ஊரிலேயே சான்று உண்டு. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச் சாலையை இப்பகுதியோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உளர். அங்கே மன்னன் 'கலம்' அறுத்தான் என்பதற்குக் கப்பல்களை அழித்தான் என்று ஒரு சாராரும், உண்கலம் தொடர்பான ஓர் ஏற்பாட்டைக் குறிக்கிறது என்று மற்றொரு சாராரும் பொருள் கண்டனர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் இதுபற்றித் தனி நூலே எழுதினார். நிகழ்ச்சி மறைந்துவிட்டது, கல்லில் ஒரு சொல் எஞ்சியது. அந்தச் சொல்லுக்குப் பொருந்தும் விளக்கங்களுள் எது மற்றச் சான்றுகளோடு முரணின்றி நிற்கிறது என்பதே வழக்கு. தனியுறுப்பைப் பற்றிய வழக்கும் இவ்வாறே நடந்தது.

அவ்வழக்கின் முதல் ஆவணம் 1900-இல் வெளிவந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மோசஸ் கோம்பெர்க், ஆறு ஃபீனைல் தொகுதிகளைத் தாங்கிய ஈத்தேனைத் தயாரிக்க விரும்பினார். டிரைஃபீனைல்மெத்தில் ஹாலைடிலிருந்து வெள்ளியைக் கொண்டு ஹாலஜனை நீக்கினார். கிடைத்த வெண்ணிறப் பொருளின் பகுப்பாய்வில் கார்பனின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தே வந்தது. கைப்பிழை என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. அவரோ, காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்ந்திருப்பதைக் கண்டு, கார்பன் டைஆக்சைடு சூழலில் வினையை மீண்டும் நிகழ்த்தினார். இம்முறை மஞ்சள் நிறக் கரைசல் கிடைத்தது. காற்றுப் பட்டதும் அந்நிறம் மறைந்தது. மூவிணைப்பு மட்டுமே கொண்ட கார்பன் கரைசலில் இருக்கிறது என்று அவர் அறிவித்தார். நான்கு இணைப்புக் கொண்டதே கார்பன் என்பது அன்றைய அடிப்படைக் கொள்கை. எனவே ஐயம் நெடுங்காலம் நீடித்தது. அத்தனியுறுப்பு இருபடியாகும்போது கோம்பெர்க் தேடிய ஆறு ஃபீனைல் ஈத்தேன் உருவாவதில்லை, வேறொரு அமைப்பே உருவாகிறது என்பது 1968-இல்தான் தெளிவாயிற்று. தேடிய பொருள் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு புதிய துறை.

கோம்பெர்க்கின் தனியுறுப்பு ஃபீனைல் தொகுதிகளால் காக்கப்பட்ட அரிய விதிவிலக்கு என்றே பலர் கருதினர். மெத்தில் போன்ற எளிய தனியுறுப்பும் உண்டு என்பதை 1929-இல் பானெத்தும் ஹோஃபெடிட்ஸும் காட்டிய முறை இன்றும் வியப்பளிப்பது. குழாயின் உட்புறத்தில் மெல்லிய ஈயப் படலத்தைப் படியச் செய்து, தொலைவில் ஈய டெட்ராமெத்திலைச் சூடாக்கினர். அங்கிருந்து வாயுவோட்டத்தில் வந்த ஏதோ ஒன்று அந்தப் படலத்தைத் தின்று மறையச் செய்தது. படலம் மறைய எடுத்த நேரத்தையும் தொலைவையும் கொண்டு, வந்த பொருளின் வாழ்நாளையே கணித்தனர்.

மூன்றாவது சான்று முரண்பட்ட ஆய்வு முடிவுகளிலிருந்து பிறந்தது. அல்லைல் புரோமைடுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும் வினையில் ஓர் ஆய்வகம் ஒரு விளைபொருளையும், மற்றோர் ஆய்வகம் வேறொன்றையும் பெற்றன. யாருடைய கை பிழைத்தது என்ற வாதத்துக்கு, 1933-இல் சிகாகோவில் காரஷும் மேயோவும் விடை கண்டனர். காற்றுப் பட்டு நாளான பொருளில் பெராக்சைடு உருவாகிவிடுகிறது. மார்கோனிகாஃப் விதிக்கு மாறாகச் சேர்க்கை நடப்பதற்கு அதுவே காரணம். இருசாராருடைய கையும் பிழைக்கவில்லை. அவர்கள் பயன்படுத்திய புட்டிகளின் வயதே வேறு. அப்பெராக்சைடு விளைவுக்குச் சங்கிலித் தனியுறுப்பு விளக்கம் 1937-இல் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் ஹேயும் வாட்டர்ஸும் எழுதிய நீண்ட ஆய்வுரை, கரைசலில் நிகழும் கரிம வினைகளில் தனியுறுப்புகளுக்கு நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தது.

பாடநூல்களில் இந்தப் பெயர்களைக் காண்கிறோம். வரலாறு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடங்கி, அங்கேயே முடிந்துவிட்டது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. இப்போது மணலுக்குத் திரும்புவோம்.

ஷோம்பெர்க் தேடி வந்தது தோரியத்தை. ஆவுர் ஃபொன் வெல்ஸ்பாக் 1891-இல் செம்மைப்படுத்திய வாயு விளக்கின் வலையில் தோரியம் ஆக்சைடு 99 பங்கும், சீரியம் ஆக்சைடு 1 பங்கும் இருந்தன. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் எரிந்த வெண்ணொளிக்கு நம் கடற்கரை மணல் வேண்டியிருந்தது. அந்த மணலிலுள்ள மோனசைட்டின் எடையில் பாதிக்கு மேற்பட்டவை அரிய மண் ஆக்சைடுகள். அவற்றுள் ஏறத்தாழப் பாதி சீரியம். தோரியமோ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது மணவாளக்குறிச்சி மோனசைட்டில் தோரியத்தைவிட மிகுதியாக இருந்தது சீரியமே; விலை பேசப்பட்டது தோரியத்துக்கு. நூற்றுக்கு ஒரு பங்குபோக எஞ்சிய சீரியத்துக்கு வேலை தேட வேண்டியிருந்தது. அதே வெல்ஸ்பாக், சீரியம் கலந்த உலோகக் கலவையும் இரும்பும் சேர்ந்தால் உரசும்போது பொறி பறக்கும் என்று கண்டு, 1903-இல் காப்புரிமை பெற்றார். சிகரெட் பற்றவைப்பானில் இருக்கும் 'கல்' அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தது.

முதல் உலகப் போரின்போது ஜெர்மானியரான ஷோம்பெர்க்கின் கையிலிருந்து தொழில் விலகிப் பிரித்தானியரிடம் சென்றது. வாயு விளக்குகளின் காலம் மங்கி, 1945-க்குப் பின் தோரியத்துக்கு அணுசக்தி என்ற புதுப் பொருள் வந்தது. 1947 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூர் தனிநாடாக விளங்கும் என்று திவான் சி. பி. இராமசாமி ஐயர் அறிவித்தபோது, அக்கணக்கில் மோனசைட்டும் இருந்தது. இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின்னர், 1950-இல் இந்திய அரிய மண் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. மோனசைட்டைப் பிரிக்கும் ஆலுவா ஆலை 1952-இல் இயங்கத் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டின் பகுதியாயிற்று. மணல் ஒரு மாநிலத்தில், அதைப் பிரிக்கும் ஆலை மற்றொரு மாநிலத்தில்! ஆரியசாலையில் வாழும் தமிழருக்கு இந்தப் பிரிவினையின் சுவை சொல்லாமலே விளங்கும்.

ஆலுவா ஆலையிலும் பழைய கதையே தொடர்ந்தது. நாடு காத்துவைக்க விரும்பியது தோரியத்தை. அதனைப் பிரித்தபின் எஞ்சிய அரிய மண் குளோரைடுகள் வணிகச் சரக்காயின. இங்குதான் சீரியத்தின் வேதிக்குணத்தைச் சற்று விளக்க வேண்டும். அரிய மண் தனிமங்கள் பொதுவாக +3 நிலையிலேயே அமைதி காண்பவை. சீரியம் மட்டும் +4 நிலையையும் நீர்க்கரைசலில் தாங்கி நிற்கும். ஆனால் வாய்ப்புக் கிடைத்தால் ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு +3 நிலைக்கு இறங்கிவிடும். நைட்ரிக் அமிலக் கரைசலில் அதன் ஒடுக்க மின்னழுத்தம் ஏறத்தாழ 1.61 வோல்ட், ஆதலால் அது வலிமை மிக்க ஆக்சிஜனேற்றி. பெர்மாங்கனேட் போன்றவை பல எலக்ட்ரான்களை ஏற்று நிலை மாறுகின்றன. சீரியத்துக்கு இறங்குவதற்கு ஒரே படிதான் உண்டு. இணையாக இருக்கும் எலக்ட்ரான்களில் ஒன்றைப் பறித்தால் மற்றொன்று தனித்து நிற்கும். தனித்து நிற்பதே தனியுறுப்பு. அன்றியும், சீரியம்(IV) ஆரஞ்சு நிறத்தது, சீரியம்(III) நிறமற்றது. நிறம் மறைவதே வினை நிகழ்ந்ததற்கு அறிகுறி. கோம்பெர்க்குக்கு மஞ்சள் எப்படியோ, இங்கே ஆரஞ்சு அப்படி.

இந்தக் குணத்தைச் சென்னையில் முறையாக ஆராய்ந்தவர் பேராசிரியர் எம். சாந்தப்பா. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் எம். ஜி. எவன்ஸ், என். யூரி ஆகியோருடன் இணைந்து, ஒளியால் தூண்டப்படும் பலபடியாக்கல் பற்றி 1951-இல் அவர் ஆய்வுரை வெளியிட்டார். நீரில் கரைந்த ஃபெர்ரிக் அயனியும் அதனோடு இணைந்த ஹைட்ராக்சைடும் ஒளியை ஏற்கும்போது, எலக்ட்ரான் ஒன்று இடம் மாறுகிறது. ஹைட்ராக்சில் தனியுறுப்பு விடுபடுகிறது. அது வினைல் சேர்மத்தைத் தாக்கிப் பலபடிச் சங்கிலியைத் தொடங்குகிறது. இவ்வாய்வின் பயன் இரட்டையானது. பலபடி கிடைக்கிறது என்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத தனியுறுப்பு அங்கே இருந்தது என்பதற்கு அப்பலபடியே சாட்சியாகிறது என்பது மற்றொன்று. ஒரு தனியுறுப்பு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கோத்துவிடுவதால், நுண்ணிய காரணம் பருமையான விளைவாகப் பெருகிக் காட்சியளிக்கிறது.

தாயகம் திரும்பிச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பிய வேதியியல் துறையை வளர்த்த சாந்தப்பா, உலோக அயனிகளால் தூண்டப்படும் பலபடியாக்கலைத் தம் மாணவர்களுடன் தொடர்ந்து ஆராய்ந்தார். 1965-இல் அனந்தநாராயணனுடன் சேர்ந்து, சீரிக் அயனி நீர்க்கரைசலில் வினைல் பலபடியாக்கலைத் தொடங்கும் வேகவியலை வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1958-இல், மினோவும் கைசர்மனும் சீரிக் அயனியைக் கொண்டு ஒரு பலபடியின் முதுகில் மற்றொரு பலபடியை ஒட்டவைக்கும் முறையைக் கண்டிருந்தனர். ஹைட்ராக்சில் தொகுதி கொண்ட பொருளோடு சீரிக் அயனி முதலில் ஓர் அணைவைத் தோற்றுவிக்கும். பிறகு எலக்ட்ரானைப் பறிக்கும். தனியுறுப்பு அப்பொருளின் மேலேயே உருவாகும். அவ்விடத்திலிருந்தே புதிய சங்கிலி கிளைக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையினர் 1970-களில் மாவுப்பொருளின் மேல் இவ்வாறு சங்கிலியை ஒட்டவைத்துப் பெருமளவு நீரை உறிஞ்சும் பொருளைப் படைத்தனர். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நாயுடம்மாவும் அவருடைய உடனாய்வாளர்களும் இதே முறையைத் தோலின் புரதமான கொலாஜனுக்குப் பயன்படுத்தினர். அந்நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பைப் பின்னாளில் சாந்தப்பாவும் ஏற்றார்.

இதுவரை சீரியம் தொடங்கியவை பெரும்பாலும் நீண்ட சங்கிலிகள். ஒரே ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பை, வேண்டிய இடத்தில், வேண்டியவாறு அமைக்க அதனைப் பயன்படுத்த இயலுமா? இவ்வினாவுக்கு வலுவான விடை தந்த இடங்களுள் ஒன்று, ஆரியசாலையிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றுவிடக்கூடிய பாப்பனங்கோடு. அங்குள்ள மண்டல ஆராய்ச்சிக்கூடம் 1970-களில் தோன்றியது. 2007 முதல் தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என வழங்கப்படுகிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணி நிறைவு செய்து வந்த எம். வி. ஜார்ஜ் ஒளிவேதியியல் ஆய்வுக் குழுவை வளர்த்ததும் இங்கேதான். 1990-களில் விஜய் நாயரின் குழு, சீரிக் அம்மோனியம் நைட்ரேட்டால் நிகழும் தனியுறுப்பு வினைகளை ஒரு நெடுந்தொடர் ஆய்வாக மேற்கொண்டது.

களம் வெறுமையாக இருக்கவில்லை. மாங்கனீசு(III), சீரியம்(IV) உப்புகள் கார்பனை மையமாகக் கொண்ட தனியுறுப்புகளைத் தோற்றுவிப்பதை ஹெய்பாவும் டெசோவும் 1970-களின் தொடக்கத்தில் காட்டியிருந்தனர். கரிமத் தொகுப்பில் மாங்கனீசு(III) அசெட்டேட்டே பெரிதும் வழக்கிலிருந்தது. அதற்குச் சூடான அசெட்டிக் அமிலம் வேண்டும். நாயரின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வுரை, 1,3-டைகார்பனைல் சேர்மங்களை ஆல்கீன்களோடு சேர்த்து டைஹைட்ரோஃபியூரான்களைப் பெறுவதில் சீரியம் உப்பு மாங்கனீசை விஞ்சுவதை ஒப்பிட்டுக் காட்டியது. மெத்தனாலில், குளிர்ந்த நிலையிலேயே, விரைவில் வினை முடிந்தது.

அவ்வினையின் வழிமுறையைப் படிப்படியாகப் பார்ப்போம். முதற்படியில் சீரியம்(IV) டைகார்பனைல் சேர்மத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கிறது. புரோட்டானும் நீங்க, இரு கார்பனைல்களுக்கு நடுவிலுள்ள கார்பனில் தனியுறுப்பு தோன்றுகிறது. இரண்டாம் படியில் அது ஸ்டைரீன் போன்ற ஆல்கீனின் இரட்டைப் பிணைப்பில் சேர்கிறது. புதிய கார்பன்–கார்பன் பிணைப்பு உருவாகி, ஒற்றை எலக்ட்ரான் ஃபீனைல் வளையத்தை அடுத்த கார்பனுக்கு மாறுகிறது. இங்கே பலபடியாக்கலின் பாதையும் இவ்வினையின் பாதையும் பிரிகின்றன. அத்தனியுறுப்பு மற்றோர் ஆல்கீனைத் தேடிச் சென்றால் சங்கிலி வளரும். ஆனால் கரைசலில் சீரியம்(IV) போதிய அளவில் இருப்பதால், மூன்றாம் படியில் அது இரண்டாவது எலக்ட்ரானையும் பறித்துத் தனியுறுப்பை நேரயனியாக்கிவிடுகிறது. நான்காம் படியில் மூலக்கூற்றிலுள்ள ஆக்சிஜனே அந்நேரயனியைத் தாக்க, ஐந்து உறுப்பு வளையம் மூடுகிறது. எனவே ஒரு மூலக்கூறு விளைபொருளுக்கு இரண்டு சீரியம் அயனிகள் செலவாகின்றன.

இதற்குச் சான்று? இரண்டு சமான அளவு உப்பு தேவைப்படுவதே முதல் சான்று. எலக்ட்ரான் கணக்கு நேராகிறது. காற்றின் ஆக்சிஜன் இருக்கும்போது அது கார்பன் தனியுறுப்போடு விரைந்து இணைந்து, ஆக்சிஜன் ஏறிய விளைபொருள்களைத் தருவது இரண்டாவது. கரைப்பான் விட்டுச்செல்லும் தடயம் மூன்றாவது. மெத்தாக்சி ஸ்டைரீன்கள் சீரியத்தால் இருபடியாகும் வினையை மெத்தனாலில் நிகழ்த்தினால் விளைபொருளில் மெத்தாக்சித் தொகுதி ஏறுகிறது. அசெட்டோநைட்ரைலில் நிகழ்த்தினால் நைட்ரஜன் ஏறுகிறது. நேரயனி ஒன்று இடையில் தோன்றி, அருகிலிருந்த கரைப்பானைப் பற்றிக்கொண்டது என்பதை விளைபொருளே சொல்கிறது. கல்வெட்டில் எழுத்தின் வடிவம் காலத்தைக் காட்டிக்கொடுப்பதைப் போன்றது இது. இவ்வாறு சேர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2007-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்வுரை இதழில் நாயரும் தீப்தியும் விரிவாக எழுதினர்.

குறையையும் சொல்லவேண்டும். சீரிக் அம்மோனியம் நைட்ரேட்டின் மூலக்கூறு எடை 548; அதில் சீரியத்தின் பங்கு 140 மட்டுமே. ஒரு மோல் விளைபொருளுக்கு இரண்டு மோல் உப்பு என்றால், ஒரு கிலோவுக்கு மேல் உப்பைச் செலவிட வேண்டும். ஆய்வகத்தில் அழகாக நிகழும் வினை ஆலைக்கு ஏறத் தயங்குவதற்கு இதுவும் காரணம். செலவான சீரியத்தை மீண்டும் +4 நிலைக்கு ஏற்றிச் சிறிய அளவைக்கொண்டே வினையை நடத்தும் முயற்சிகள் இதனால்தான் எழுந்தன.

இனி, இதைப் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கு ஒரு சொல். சீரிக் அம்மோனியம் நைட்ரேட்டை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். கரிமப் பண்பறி பகுப்பாய்வில் ஆல்கஹாலைக் கண்டறியச் சில துளிகள் சேர்ப்பீர்கள். சிவப்பு நிறம் தோன்றியதும், 'ஆல்கஹால் உள்ளது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுச் சோதனைக்குழாயைக் கழுவப் போய்விடுவீர்கள். அடுத்த முறை கழுவாமல் வைத்திருங்கள். இளஞ்சூட்டில் வைத்தால் இன்னும் நன்று. அந்தச் சிவப்பு, ஆல்கஹாலும் சீரியமும் இணைந்த அணைவின் நிறம். சற்று நேரத்தில் அது மெல்ல வெளிறி மறையும். எலக்ட்ரான் இடம் மாறி, தனியுறுப்பு தோன்றி, ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடைவதன் அடையாளம் அது. சாந்தப்பாவின் வேகவியலும், கொலாஜன் ஒட்டுமுறையும், பாப்பனங்கோட்டு வளையங்களும் எந்தப் படியில் தொடங்குகின்றனவோ, அந்தப் படி உங்கள் சோதனைக்குழாயிலேயே நிகழ்கிறது. நம் பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை. முதல் நிறத்துக்கு மட்டுமே மதிப்பெண். நிறம் மறைவதற்கு மதிப்பெண் இல்லை.

நானும் அவ்வாறே கழுவியவன். முதுகலை முடிக்கும் வரை, சிவப்பு ஏன் மறைகிறது என்ற கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டதில்லை. எதிர்பார்த்த விடை கிடைத்ததும் பார்வையை விலக்கிக்கொள்ளும் பழக்கத்தைப் பாடத்திட்டம் நமக்குக் கற்பித்துவிடுகிறது. கோம்பெர்க் அப்பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்தால், கார்பனின் அளவு குறைந்ததைக் கைப்பிழை என்று எழுதி முடித்திருப்பார்.

மணலைப் பற்றிய வரலாறு, அம்மணலின்மேல் வாழ்வோரை விட்டுவிட்டு முழுமை பெறாது. தோரியம் உமிழும் கதிர்வீச்சு நீர் மூலக்கூறுகளைப் பிளந்து ஹைட்ராக்சில் தனியுறுப்புகளைத் தோற்றுவிக்கும் என்பது பாடம். மான்செஸ்டர் குடுவையில் ஒளி தோற்றுவித்த அதே தனியுறுப்பு, உயிரணுவுக்குள் தோன்றினால் மரபுப்பொருளைத் தாக்கவல்லது. ஆகவே இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கொல்லம் கரையில், கருநாகப்பள்ளி வட்டத்தில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். 2009-இல் வெளிவந்த முடிவு, அக்கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காட்டவில்லை. உயிரணுவுக்குத் தன் சேதத்தைச் சீர்செய்யும் ஆற்றல் உண்டு. குடுவையில் நிகழ்வது உடலிலும் அப்படியே நிகழும் என்று கொள்ளலாகாது. அதேவேளை, அம்முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மணல் அகழ்வால் கரை இழக்கும் மீனவரின் முறையீட்டுக்கு விடை சொல்லிவிட்டதாகக் கருதுவதும் பிழை. ஒரு கேள்விக்குரிய சான்று மற்றொரு கேள்விக்கு விடையாகாது. வினைவழிமுறை ஆய்வு கற்பிக்கும் முதல் ஒழுக்கம் அதுவே.

இறுதியாக, இவ்வரலாற்றிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது? 'நம் மண்ணின் மணல், நம் மண்ணின் வேதியியலைப் படைத்தது' என்று எழுதினால் பகிர்வுகள் மிகும். ஆனால் அது வரலாறாகாது. சீரியம் எங்கு எடுக்கப்பட்டாலும் சீரியமே. சாந்தப்பாவின் வினா மான்செஸ்டரில் உருவானது. பாப்பனங்கோட்டு ஆய்வுக்கு முன்னோடிகள் அமெரிக்காவில் இருந்தனர். மணலுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே நேரான அம்புக்குறி வரைவதற்குச் சான்று இல்லை. சான்று காட்டுவது வேறொன்றை. தோரியத்துக்காக விலை பேசப்பட்ட மணலில் எச்சமாகக் கருதப்பட்ட ஒரு தனிமம், உலகின் பல ஆய்வகங்களில் ஒற்றை எலக்ட்ரானின் வழியைக் காட்டும் கருவியாயிற்று. அவ்வாய்வகங்களுள் சென்னையும் திருவனந்தபுரமும் இரவல் இடங்களாக இல்லாமல், வினாவை முன்னெடுத்துச் சென்ற இடங்களாக இருந்தன. இவ்வளவு போதும். பெருமைக்கு இதற்குமேல் கூட்டவும் வேண்டா. பாடநூலில் இதற்குக் கீழே குறைக்கவும் வேண்டா.

தனியுறுப்புப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், கோம்பெர்க், காரஷ் பெயர்களோடு இந்த இரு நகரங்களின் ஆய்வுகளையும் ஒரு வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்பது என் வேண்டுகோள். மாணவர்களிடம் வேண்டுவது அதைவிட எளிது: சிவப்பு மறையும் வரை சோதனைக்குழாயைக் கழுவாதீர்கள்.

கடையில் உதிர்ந்த மணலை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வந்தேன். பெரும்பகுதி கருமணல், அது இல்மனைட்டாக இருக்கும். அண்ணாச்சி அதற்குக் காசு வாங்கவில்லை.